பொட்டல் தெருவின் பிறந்த முடி

பொட்டல் தெருவில் தரையிலிருந்து முடி முளைத்த வருஷத்தில் வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. மழை வழக்கம்போல ஏமாற்றியது, தீப்பெட்டி ஆபீஸ்களில் வழக்கம்போல வேலை ஓடியது, தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்த நாட்களில் வழக்கம்போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். அந்தத் தெருவுக்குப் பொட்டல் என்று பெயர் வைத்த மகராசன் சும்மா வைக்கவில்லை. வேப்பங்கன்று வைத்தால் கருகும், முருங்கைக் கொம்பு நட்டால் விறகாகும், அருகம்புல்கூட எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கரிசல் மண்ணில்தான் ஒரு தை மாசத்துக் காலையில், கிழக்கோரத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே, யாரோ பாத்தி கட்டி விதைத்துத் தண்ணீர் பாய்ச்சியதுபோல, கறுகறுவென்று விரல் நீளத்துக்கு முடி எழும்பி நின்றது.

அது தங்கபுஷ்பத்தின் ஜன்னல். அந்த ஊரில் தங்கபுஷ்பத்தின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது, முகத்தைத் தெரிந்தவர்கள் அநேகமாகக் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருந்த சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ராஜபாளையம் போகும் பஸ் எங்கே நிற்கிறது, திருச்செந்தூர் பஸ் எப்போது கிளம்பும், அதற்கு நடுவில் எந்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. அவள் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊர் மூட்டையைத் தூக்கும், அவள் குரலைக் கேட்டுத்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடும். கூண்டின் கண்ணாடிக்கு உள்பக்கம் அவளே பழைய காலண்டர் தாள்களை ஒட்டி மறைத்திருந்தாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தாள்.

வெயில் அல்ல விஷயம். தங்கபுஷ்பத்துக்குத் தாடி முளைத்தது. வயசுக்கு வந்த கொஞ்ச காலத்தில் மோவாயில் இரண்டு முடியாகத் தொடங்கியது, பிறகு தாடையோரமாக இறங்கி, காதுக்குக் கீழே போய், மேலுதட்டுக்கும் ஏறிவிட்டது. அவள் அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. கஸ்தூரி மஞ்சளை அரைத்துப் பூசினாள், குப்பைமேனி இலையைக் கசக்கிப் பற்றுப் போட்டாள், பாசிப்பயறு மாவைத் தேய்த்துத் தேய்த்துப் பெண்ணின் கன்னத்தைப் புண்ணாக்கினாள். டாக்டரம்மா ஹார்மோன் என்றார், மாத்திரை எழுதினார். மாத்திரையில் உடம்பு பெருத்தது, தாடி போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், காபியை வாங்கிக்கொண்டு, ரொம்பப் பிரியமாக, “அந்த வெளிச்சத்துக்கு வந்து நில்லும்மா” என்றாள். தங்கபுஷ்பம் வெளிச்சத்துக்குப் போய் நின்றாள். காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், பதில் சொல்லி அனுப்பவில்லை.

அதற்கப்புறம் அவள் வெளிச்சத்துக்கு வரவே இல்லை. விடிகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைத்துக்கொண்டு சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பிடுங்கிய முடியை அம்மா காகிதத்தில் மடித்து, அக்கம்பக்கம் பார்த்து, அடுப்பில் போட்டுவிடுவாள். பிறகு முந்தானையைக் காதோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலைக்கு. ஈ எறும்புக்குக்கூட அந்த வீட்டு ரகசியம் தெரியாது. அம்மா செத்த பிறகு காகிதம் மடிக்க ஆள் இல்லை, விறகடுப்பும் இல்லை. அவள் பாட்டுக்கு ஜன்னல் வழியாக ஊதிவிட ஆரம்பித்தாள்.

தெருவில் முளைத்ததை முதலில் புல் என்றுதான் நினைத்தார்கள். ஒரு ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டுப் போனது. தையல்கடை மைதீன் ஒரு இழையைப் பிடுங்கி வத்திக்குச்சியில் காட்டினார், பொசுங்கின வாடையைப் பிடித்துவிட்டு, “முடிதான்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். எதிர்வீட்டுப் பூமயில் மட்டும் போகவில்லை. பூமயிலுக்குப் புருஷன் இல்லை, மகன்கள் திருப்பூரில் இருந்தார்கள், வாய் மட்டும் தெருவிலேயே பெரிசு. அவள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல, அந்த முடியை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவு தடவினாள்.

அந்த நேரத்தில் தங்கபுஷ்பம் கூண்டுக்குள் இருந்தாள். யாரோ தன் தாடையை உள்ளங்கையில் வைத்துத் தடவுவதுபோலிருந்தது. தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்த்தாள், கூண்டுக்குள் அவளையும் மைக்கையும் தவிர யாரும் இல்லை. மறுபடியும் அதே கை, காதுக்குக் கீழிருந்து மோவாய் வரைக்கும், அவசரமே இல்லாமல். அம்மாவுக்குப் பிறகு அவளை எந்தக் கையும் தொட்டதில்லை. ராஜபாளையம் பஸ்ஸைத் திருச்செந்தூர் என்று சொல்லிவிட்டாள், ஒரு கூட்டமே மூட்டையோடு தப்பான பஸ்ஸில் ஏறி, சாத்தூரைத் தாண்டின பிறகு கண்டக்டரோடு மல்லுக்கு நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

தெரு அந்த முடியை வெகு சீக்கிரத்தில் சொந்தமாக்கிக்கொண்டது. நம் ஜனங்களுக்கு எந்த அதிசயமானாலும் ஒரு வாரம்தான், அதற்குள் அதை எங்கே வைப்பது, எப்போது குளிப்பாட்டுவது, யார் வீட்டு முறை என்று பேசி முடித்துவிடுவார்கள். பூமாதேவிக்கு முடி முளைத்திருக்கிறது என்று குங்குமம் வைத்தார்கள். மைதீன் வீட்டில் ஓதிய தண்ணீர் தெளித்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். முடி ஜன்னலடியிலிருந்து பரவி, தெருவின் நடுவுக்கு வந்து, பூமயில் வாசலைத் தொட்டு, குழாயடி வரைக்கும் போனது. வண்டிகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்தார்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் வைத்தார்கள், சீயக்காய் தேய்த்தார்கள், ஐப்பசியில் பெயருக்குத் தூறிய தூறலில் அது நனைந்தபோது சளி பிடிக்கும் என்று சாம்பிராணி போட்டுப் புகை காட்டினார்கள். அவரவர் வாசலுக்கு நேரே இருந்ததை அவரவர் பின்னினார்கள், கனகாம்பரம் வைத்தார்கள், உன் பின்னலைவிட என் பின்னல் மொத்தம் என்று அதிலும் ஒரு சண்டை போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், இது ஆக்கிரமிப்பா குப்பையா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார், பூமயில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். சவுரி வியாபாரி ஒருவன் விலை பேச வந்தபோது தெருவே திரண்டு அவனை ஓட ஓட விரட்டியது.

இத்தனை கையும் தங்கபுஷ்பத்தின் முகத்தில் பட்டன. பார்க்காமலே ஒவ்வொரு கையையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கை பிசுபிசுத்தது, ஸ்டெல்லா டீச்சரின் கையில் சாக்பீஸ் தூள் நறநறத்தது, பூமயிலின் கை தீப்பெட்டி ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை, ஆனால் எல்லாக் கையிலும் அதுதான் மெதுவான கை. சாம்பிராணி போட்ட நாளில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவளின் கன்னம் கதகதவென்று சூடேறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். இவ்வளவு பேர் தன்னைக் கொஞ்சுகிறார்கள், இவர்களில் ஒருவருக்கும் தன்னைத் தெரியாது. சாயங்காலம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக வீட்டுக்குப் போகும்போது பூமயில் கூப்பிடுவாள்.

“ஏ பிள்ள, அப்படி என்ன சீமைச் சீமாட்டி? ஊரே வந்து தொட்டுட்டுப் போகுது, ஒன் வீட்டு வாசல்ல மொளைச்சத நீ ஒரு நாளாச்சும் தொட்டுப் பாத்திருப்பியா?”

“நேரமாச்சு சித்தி” என்பாள் தங்கபுஷ்பம், கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பூமயிலின் கை மறுபடி வருகிறதா என்று காத்திருப்பாள். விடிந்ததும் இடுக்கியை எடுப்பாள். முன்பெல்லாம் அழுதுகொண்டு பிடுங்கினவள், இப்போது நாற்று எடுக்கிறவளைப்போலப் பதவிசாகப் பிடுங்கி ஜன்னல் வழியாக ஊதினாள். வெளியே சொன்னால் இந்தக் கைகள் அத்தனையும் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

அடுத்த தை பிறந்தது. முடிக்கு ஒரு வயசு முடிகிறது, பிறந்த முடியை இறக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பிள்ளைக்கானாலும் தெருவுக்கானாலும் பிறந்த முடியை வைத்திருக்கக் கூடாது, சாமிக்குக் கொடுத்துவிட வேண்டும், இறக்கினால்தான் அடுத்த முடி அடர்த்தியாக வரும். எந்தச் சாமிக்கு என்பதில் பெரிய ரகளை நடந்தது. கடைசியில் கழுகுமலைக்கு ஒரு பங்கு, வேளாங்கண்ணிக்கு ஒரு பங்கு, நாகூருக்கு ஒரு பங்கு என்று ராசியானார்கள். சந்தனம் அரைத்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று, காது குத்த இடம் இல்லையே என்று ஒருத்தி உண்மையாகவே வருத்தப்பட்டாள். முடி வெட்டும் சுடலைமுத்து புதுக் கத்தியோடு வந்து, பித்தளைச் செம்பில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“தாய்மாமன் யாரு? யார் மடியில வச்சு எடுக்கணும்?”

அதை யாரும் யோசிக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்கு முடி இறக்கியிருக்கிறார்கள்? நான் மாமன், நீ மாமன் என்று ஆளாளுக்குத் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்கள். சுடலைமுத்து கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க பாட்டுக்கு உக்காந்தா ஆச்சா? மொதல்ல தாய் யாருன்னு சொல்லுங்க. தாயக் கூடப் பொறந்தவன்தான மாமன்?”

ஜன்னலுக்குப் பின்னால் தங்கபுஷ்பம் நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. கத்தி பட்டால் இனி எந்தக் கையும் வராது என்ற பயம் ஒரு பக்கம். சாமிக்குப் போய்ச் சேருமே, தொல்லை விட்டதே என்ற நினைப்பு ஒரு பக்கம். தாய் யார் என்று கேட்டதும் அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்தாள். நாதியற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர்கள் தரையைப் பார்த்தார்கள். சரி, தாய் இல்லாத முடிதானே, பரவாயில்லை, நனையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சுடலைமுத்து தண்ணீரை அள்ளித் தெளித்தார், அவள் மோவாயில் குளிர்ந்தது, அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை.

“தயவுசெய்து நிறுத்தவும்” என்றாள்.

மைக்கில் சொல்லிப் பழகிய வாய்க்குப் பதற்றத்திலும் அப்படித்தான் வந்தது. அந்தக் குரலுக்கு நின்று பழகிய ஜனம் அப்படியே நின்றது. பஸ் ஸ்டாண்டுக் குரல் தெருவுக்குள்ளேயே கேட்கிறதே என்று எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் கதவைத் திறந்து வந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. இரண்டு நாளாக அவள் இடுக்கியைத் தொடவில்லை. தை மாசத்து வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது, முகத்தில் இருந்தது முழுக்கத் தெரிந்தது.

“இது என்னோடது. நான் தினம் பிடுங்கிப் போட்டதுதான் மொளைச்சிருக்கு. தாய் யாருன்னு கேட்டா நான்தான். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது.”

கூட்டத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கை தன்னால் எழும்பி அவரவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது, பார்த்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுபோலக் கீழே இறங்கியது. சுடலைமுத்து கத்தியை மடக்கினார். கடைசியில் பூமயில்தான் வாயைத் திறந்தாள்.

“ஒரு பொம்பள தாடிக்காடி நான் வருஷம் பூரா எண்ணெய் வச்சேன்?”

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய், சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எல்லாரும் பார்க்கும்படிக் கழுவினாள். மற்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். அரைத்த சந்தனம் பந்தலுக்கு அடியில் காய்ந்து வெடித்தது.

தெருக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தரும் அவளை ஏசவில்லை, கல் எறியவில்லை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. தொடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பின்னல்கள் அவிழ்ந்தன, பூ அழுகியது, வெள்ளிக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போனது. முதல் நாள் ஒரு வண்டி தெருமுனையில் நிற்காமல் உள்ளே வந்தது, மறுநாள் எல்லா வண்டியும் வந்தன. செருப்பைக் கழற்றாமல் நடந்தார்கள். அத்தனையும் தங்கபுஷ்பத்தின் முகத்தில்தான் நடந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து பஸ்ஸின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாடையில் டயர் ஏறி இறங்கியது, கன்னத்தில் செருப்புக்காலால் மண்ணைத் துடைத்தார்கள். அவள் அறிவிப்பை நிறுத்தவில்லை, குரலும் பிசகவில்லை. மிதிபட இன்னும் கொஞ்சம் எதற்கு என்று பிடுங்குவதை மட்டும் விட்டுவிட்டாள். தாடி வளர்ந்தது. முந்தானைக்கு மேலே யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள், ஆனால் யாரும் பார்க்கவில்லை. அது அவளுக்கு முன்னைவிட வலித்தது. மறைத்து வைத்திருந்தபோது, காட்டினால் என்ன ஆகும் என்று ஒரு பயமாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை, வீட்டுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மாசத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்தி வேலை பார்ப்பார்களே, அப்படி ஒரு நாளில் மைக் வேலை இல்லை என்று அவள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவில் ஈ காக்காய் இல்லை. ஃபேன் ஓடாத வீடுகளுக்குள் எல்லாரும் ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு கிடந்தார்கள். அவள் வெறுந்தரையில் படுத்திருந்தாள். டயர் இல்லை, செருப்பு இல்லை, அந்த நிம்மதியில் கண் அசந்தபோது தாடையில் ஒரு கை பட்டது.

காய்த்துப்போன கை. சிக்கு விழுந்த இடத்தில் நின்றது, இழுத்துப் பிய்க்காமல் ஒவ்வொரு இழையாகப் பிரித்தது, மறுபடி நகர்ந்தது. அது யார் கை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து கதவைத் திறந்தாள். முந்தானையைத் தேடவில்லை.

பூமயில் ஜன்னலுக்குக் கீழே வெயிலில் குந்தியிருந்தாள், மடியில் சீப்பு கிடந்தது. கதவுச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

“சிக்கு விழுந்து நாசமாக் கெடக்கு. எவளாச்சும் ஒருத்தி சீவினாளா? பூ வைக்க மட்டும் அத்தன பேரு வந்தாளுக.”

தங்கபுஷ்பம் படியில் நின்றாள்.

“நான் சீப்ப வச்சதும் வந்து நிக்கிற. ஒனக்கு வலிச்சுச்சா?” என்றாள் பூமயில், தரையைப் பார்த்தே.

“ம்.”

“வண்டி ஏறினப்பவுமா?”

“ம்.”

பூமயிலின் கை நின்றுவிட்டது. டயர் நசுக்கிய இடத்தில், மண்ணோடு மண்ணாக ஒட்டிப்போயிருந்த கற்றையைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா கெடந்த கைக்கு ஒரு வேல இருந்துச்சுடி” என்றாள். “பயலுக இருக்கானுவ, பொங்கலுக்கு வந்து புதுச்சேலைய வச்சிட்டுப் போறானுவ. தலையத் தடவ விடுவானுவளா? கைய வச்சா தள்ளி விட்டுட்டு செல்போனப் பாக்குறானுவ. இது பேசாமக் கெடந்துச்சு. எவ்வளவு தடவினாலும் கெடந்துச்சு. நீ ஏன் முந்தியே சொல்லல?”

“சொல்லியிருந்தா தொட்டிருப்பீங்களா சித்தி?”

பூமயில் பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். தெருவில் இத்தனை காலம் வாயால் பிழைத்தவளுக்கு ஒரு பொய் பெரிய காரியமில்லை.

“மாட்டேன்” என்றாள்.

தங்கபுஷ்பம் படியிறங்கி வந்து, முடிமேல் கால் படாமல், பூமயிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடித்தது, அவள் நகரவில்லை. பூமயில் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், தாடிக்கு மேலே இருந்த கண்ணையும் பார்த்தாள். மகன்கள் பேச்சு எடுத்தபோதுகூட வராத அழுகை இப்போது வந்து, அதை மறைக்க மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். பிறகு தரையிலிருந்து கையை எடுத்து, மண்ணைச் சேலையில் தட்டிவிட்டு, எதிரே இருந்தவளின் கன்னத்தில் வைத்தாள்.

“குத்துதுடி” என்றாள் பூமயில். கையை எடுக்கவில்லை.